இலவச மென்பொருளில் பாடம் நடத்தினால் சட்டச் சிக்கல் வருமா?

செபராங் பிறையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை நீண்ட கடிதம் ஒன்று அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

சனிக்கிழமை மாலைகளில் தன் வட்டாரக் கோயில் மண்டபத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் கணினி வகுப்பு எடுக்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சிலர் சேர்த்துக் கொடுத்த 18 பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன. மாதம் 20 ரிங்கிட் கட்டணம். அது மின்சாரத்துக்கும் பழுதுபார்ப்புக்குமே சரியாகப் போகிறது. கணினிகளைச் சரிசெய்த கடைக்காரர் கேட்காமலேயே எல்லாவற்றிலும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸையும் ஃபோட்டோஷாப்பையும் ‘கிராக்’ செய்து, அதாவது உரிமப் பூட்டை உடைத்து, போட்டுக் கொடுத்துவிட்டார். ஆசிரியைக்கு அது உறுத்துகிறது. அவற்றை அழித்துவிட்டு லினக்ஸ் இயங்குதளம், ஆபிஸுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ், ஃபோட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், நிரலெழுதப் பழக ஸ்கிராட்ச், பைத்தான், கணக்குக்கு ஜியோஜெப்ரா என்று இலவச மென்பொருள்களுக்கு மாற நினைக்கிறார். மண்டபச் செயலவைத் தலைவர் தயங்குகிறார்: “சும்மா கிடைக்கிறத நம்பிப் போட்டு, நாளைக்கு யாராவது கேஸ் போட்டா யார் பதில் சொல்றது? இப்ப இருக்கறதே நல்லாத்தானே ஓடுது. ஏழைப் பிள்ளைங்க படிக்கத்தானே!” வேலைக்குப் போனால் மைக்ரோசாஃப்ட் தெரிய வேண்டுமே என்பது பெற்றோர் சிலரின் கவலை.

இதோடு இன்னும் இரண்டு விஷயங்கள். மாணவன் ஒருவன், 15 வயது, ஜிபிஎல் என்ற உரிமத்தில் (யாரும் எடுத்து மாற்றலாம், பகிரலாம் என்று சில நிபந்தனைகளோடு அனுமதிக்கும் உரிமம்) வெளியான ஒரு தட்டச்சு விளையாட்டை எடுத்துத் தமிழ் எழுத்துகளுக்கு மாற்றியிருக்கிறான். அதைப் போட்டிக்கு அனுப்பும் படிவத்தில் ‘எல்லா உரிமைகளும் ஏற்பாட்டாளருக்கே’ என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டாவது, ஆசிரியை எழுதிய தமிழ்க் குறிப்புகள். அவற்றை அச்சிட்டு விற்க ஒரு தனியார் டியூஷன் நிலையம் கேட்கிறது. அவருக்கோ, யாரும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட ஆசை. சில பத்திகளைத் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்ததாகவும், சில பக்கங்களைப் பள்ளி மடிக்கணினியில் தட்டச்சு செய்ததாகவும் சொல்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மண்டபத்தில் இன்று சட்டச் சிக்கல் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தலைவர் பயப்படும் பக்கத்தில் அது இல்லை. அவர் நன்றாக ஓடுகிறது என்று சொல்லும் அந்த மென்பொருள்களில்தான் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிராக் செய்த நகல்கள்

நம் மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே பாதுகாக்கிறது. சட்டத்தின் 41-வது பிரிவுப்படி, சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் திருட்டு நகலை வைத்திருப்பதே குற்றம். விற்றிருக்க வேண்டும் என்பதில்லை. தண்டனை ஒவ்வொரு நகலுக்கும் 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே வகை நகல் மூன்றோ அதற்கு மேலோ கையில் இருந்தால், அது சொந்த உபயோகத்துக்கு அல்ல என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். சொந்த உபயோகத்துக்குத்தான் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 18 கணினிகளில் இரண்டு மென்பொருள்கள் என்றால் 36 நகல்கள். குறைந்தபட்சக் கணக்கே 72,000 ரிங்கிட். பூட்டை உடைத்து நிறுவுவது 36ஏ பிரிவின் கீழ் தனிப் பிரச்சினை.

“படிக்கத்தானே” என்ற வாதம் மனசுக்கு நியாயமாகத் தெரியும். கற்பித்தலுக்காகச் சட்டம் சில விலக்குகளைத் தந்திருப்பதும் உண்மை. ஆனால் அவை பாடத்தில் ஒரு பகுதியை எடுத்துக்காட்டுவது போன்றவற்றுக்குத்தான். விலைக்கு விற்கும் ஒரு மென்பொருளை முழுசாக நகலெடுத்து வகுப்பு முழுக்க நிறுவுவதற்கு அந்த விலக்கு இடம் கொடுக்காது. கடைக்காரர் போட்டுக் கொடுத்தார், எங்களுக்குத் தெரியாது என்பதும் இனிமேல் செல்லாது. நல்லெண்ணத்தோடு நடந்தோம், சந்தேகப்படக் காரணமே இல்லை என்று நிரூபித்தால் தப்பிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, தலைவருக்கும் சொல்லிவிட்டீர்கள். அடுத்த வகுப்புக்கு முன்னால் அவற்றை அழித்துவிடுங்கள். அழித்த தேதியைச் செயலவைக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மடிக்கணினியோடு வாங்கும்போதே வந்த விண்டோஸ் பெரும்பாலும் முறையான உரிமம் உள்ளதாகவே இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இணையத்தில் உலாவும் இயந்திரத்தில் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராமல் போவது நல்லதல்ல. பழைய கணினிக்கு லினக்ஸ் என்ற உங்கள் யோசனை அந்த வகையிலும் சரியானது.

தலைவரின் கேள்விக்குப் பதில்

நீங்கள் மாற நினைக்கும் லினக்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்றவற்றைத் திறமூல மென்பொருள் என்பார்கள். அது யாரோ தெருவில் விட்டுப் போன பொருள் அல்ல. அதை எழுதியவருக்குப் பதிப்புரிமை முழுசாக இருக்கிறது. அந்த உரிமையை வைத்துக்கொண்டே அவர் எழுத்தில் ஓர் அனுமதி தருகிறார்: ஓட்டலாம், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றி எழுதியும் கொடுக்கலாம். அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த ‘குனூ’ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்திலிருந்து வளர்ந்த சிந்தனை இது. அவர் எழுதிய ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991-இலும் மூன்றாம் பதிப்பு 2007-இலும் வந்தன. மூன்றாம் பதிப்பைத் தலைவரிடம் காட்டுங்கள். மென்பொருளைப் பெறுவதற்கோ ஓட்டுவதற்கோ இந்த உரிமத்தை ஏற்க வேண்டிய அவசியமே இல்லை என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. 18 கணினி என்ன, 1,800 கணினியில் போட்டாலும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் 20 ரிங்கிட் வாங்குவதிலும் தவறில்லை. எந்தத் துறையில், எந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தினாலும் தடுக்கக் கூடாது என்பது திறமூல உரிமங்களுக்கான பொது வரையறையிலேயே இருக்கிறது. காசு வாங்கி நடத்தும் வகுப்பும் அதில் அடக்கம்.

ஆனால் உங்கள் பட்டியலில் ஒன்று இந்தக் கூட்டத்தில் முழுசாகச் சேராது. ஜியோஜெப்ரா. கணக்கு ஆசிரியர்கள் பலருக்குப் பிடித்த கருவி, இலவசம்தான். நிரலின் பெரும்பகுதியும் திறமூல உரிமத்தில்தான் இருக்கிறது. ஆனால் முழுத் தொகுப்பாக நிறுவிப் பயன்படுத்துவதற்கு வணிக நோக்கம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. செலவுக்கு மட்டும் காசு வாங்கும் கோயில் வகுப்பை வணிகம் என்று சொல்வது கடினம். இருந்தாலும், கட்டணம் வாங்குகிறீர்கள் என்பதைச் சொல்லி ஜியோஜெப்ரா நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். டியூஷன் நிலையம் நடத்தும் நண்பர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறமூலம் என்று நினைப்பது இந்த விஷயத்தில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

ஏதாவது கோளாறு வந்தால் யார் பொறுப்பு என்று தலைவர் கேட்டால், உத்தரவாதம் இல்லை என்றுதான் உரிமம் சொல்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதனால் மென்பொருளை அதன் அதிகாரபூர்வ இடத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடல் பக்க விளம்பரத்தைச் சொடுக்கி, அதே பெயரில் வைரஸை இறக்கிக்கொண்டவர்கள் உண்டு.

பென்டிரைவில் வீட்டுக்குக் கொடுப்பது

வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகளுக்குப் பென்டிரைவில் நகல் போட்டுக் கொடுக்கலாமா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம். ஆனால் ஓட்டுவதற்கு நிபந்தனை இல்லாத ஜிபிஎல், கொடுப்பதற்கு நிபந்தனை வைக்கிறது. ஓடும் நிரலைக் கொடுத்தால் அதன் மூல நிரலும், அதாவது மனிதர் எழுதிய வடிவமும், பெறுபவருக்குக் கிடைக்க வேண்டும். கூடவே கொடுக்கலாம், அல்லது, கேட்டால் தருகிறோம் என்று குறைந்தது மூன்று ஆண்டுக்குச் செல்லுபடியாகும் எழுத்து உறுதி கொடுக்கலாம். உங்களுக்கு எளிது முதல் வழிதான். கிம்ப் நிறுவும் கோப்போடு அதே பதிப்பின் மூல நிரல் கோப்பையும், உரிமக் கோப்பையும் அதே பென்டிரைவில் போட்டுவிடுங்கள். இணையம் உள்ள பிள்ளைகள் நேராக இறக்கிக்கொள்ளட்டும்.

ஒரு கோயில் வகுப்பின் பென்டிரைவைத் தேடி யாரும் வரப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் ஆசிரியை என்பதுதான். அந்தக் கோப்பைத் திறந்து, “இதைத்தான் மனுஷங்க உக்காந்து எழுதியிருக்காங்க, நீயும் படிக்கலாம்” என்று ஒரு பிள்ளைக்குக் காட்டுவதைவிட நல்ல கணினிப் பாடம் எனக்குத் தெரியவில்லை. லிப்ரே ஆபிஸில் ‘உதவி’ பட்டிக்குள் உரிமத் தகவல் என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை, ஒவ்வொரு மென்பொருளிலும் உரிமம் எங்கே இருக்கிறது, அது எதை அனுமதிக்கிறது, என்ன கேட்கிறது என்று தேடி எழுதச் சொல்லுங்கள். லிப்ரே ஆபிஸ் எம்பிஎல் (மொசில்லா பொது உரிமம்), கிம்ப் ஜிபிஎல், பைத்தானுக்குச் சொந்த உரிமம், ஸ்கிராட்ச் தளத்தில் பகிரும் படைப்புகளுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் (எழுத்து, படம் போன்றவற்றைப் பகிர்வதற்கான பொது உரிமம்) என்று நான்கு விதம் அங்கேயே கிடைக்கும்.

பெற்றோரின் கவலைக்குச் சுருக்கமாக: லிப்ரே ஆபிஸ் வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவத்தில் சேமிக்கும். பள்ளியில் கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு வழியாகப் பிள்ளைகளுக்குக் கூகுள், மைக்ரோசாஃப்ட் கருவிகள் கிடைக்கின்றன. அவரவர் கணக்கில் உலாவி வழியே பழகிக்கொள்ளட்டும். இரண்டையும் பார்த்த பிள்ளை வேலையிடத்தில் எதைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்ளும்.

மாணவனின் விளையாட்டு

அவனைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தியைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அவன் எழுதிய பகுதிக்குப் பதிப்புரிமை அவனுடையது. 15 வயது என்பதால் உரிமை குறையாது. நீங்கள் சொல்லிக் கொடுத்ததால் உங்களுக்கோ, மண்டபக் கணினி என்பதால் கோயிலுக்கோ அது சேராது. மூல விளையாட்டை எழுதியவர்களின் உரிமை அவர்களிடமே இருக்கிறது. ஜிபிஎல்-இல் உள்ள ஒன்றை மாற்றி வெளியே கொடுத்தால், மாற்றிய முழுப் படைப்பும் ஜிபிஎல்-இலேயே போக வேண்டும். மூல ஆசிரியர்களின் பெயர்கள் இருக்க வேண்டும். எதை, எப்போது மாற்றினான் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஆகவே ‘எல்லா உரிமைகளும் ஏற்பாட்டாளருக்கே’ என்ற வரியில் அவன் கையெழுத்து போட முடியாது. தன்னிடம் இல்லாததை அவன் எப்படி எழுதிக் கொடுப்பான்? ஏற்பாட்டாளரிடம், இது ஜிபிஎல் மென்பொருளின் மாற்றுவடிவம், அந்த உரிமத்திலேயே சமர்ப்பிக்கிறோம் என்று முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். ஏற்கவில்லை என்றால், அடித்தளத்திலிருந்து அவனே எழுதிய வேறொன்றை அனுப்பட்டும்.

இலவசமாகக் கொடுத்தபின் யார் நீதிமன்றம் போவார்கள் என்று யாராவது கேட்டால் ஒரு வழக்கைச் சொல்லுங்கள். பொம்மை ரயில்களை இயக்கும் ஒரு திறமூல மென்பொருளின் கோப்புகளை, பெயரும் நிபந்தனையும் இல்லாமல் ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. மென்பொருளைக் கவனித்துவந்த இயற்பியல் பேராசிரியர் வழக்குத் தொடுத்தார். ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்ற அந்த வழக்கில், காசு வாங்காமல் கொடுத்த உரிமமானாலும் அதன் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் உலகம் முழுக்க வழக்கறிஞர்கள் இதை வைத்துத்தான் பேசுகிறோம்.

அவன் வயது விஷயமும் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்பது 1934-இல் வந்த டான் ஹீ ஜுவான் வழக்கிலிருந்தே நம் நாட்டில் நிலைத்த நிலைப்பாடு. அவன் தனியாகப் போடும் கையெழுத்து பின்னால் கேள்விக்குள்ளாகும். போட்டிக்கு அனுப்புவதற்கும், நிரலை இணையத்தில் வெளியிடுவதற்கும் அம்மா அல்லது அப்பாவின் கையெழுத்தோடு ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்கி வையுங்கள். இணையத்தில் வெளியிடும்போது அவனுடைய பள்ளிப் பெயர், படம், தொலைபேசி எண் எதுவும் வேண்டாம்.

உங்கள் குறிப்புகள்

டீச்சர், இங்கேதான் உங்களை நிதானமாகப் போகச் சொல்வேன். இந்தக் குறிப்புகளுக்கு நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதியாகும் முன்னால் அவற்றை இலவசமாகக் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

பதிப்புரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவு, வேலையின் போக்கில் செய்த படைப்பின் உரிமை முதலாளிக்குப் போகும் என்கிறது. வேறு உடன்பாடு இருந்தால் மட்டுமே மாறும். அரசாங்கத்தின் பணிப்பில் அல்லது கட்டுப்பாட்டில் உருவானது அரசாங்கத்துக்குச் சேரும். நீங்கள் அரசாங்க ஊழியர். ஆகவே பள்ளிப் பாடத்துக்காகப் பள்ளி நேரத்தில் எழுதிய பக்கங்கள் உங்களுடையவை என்று சொல்வது கடினம். சனிக்கிழமை வகுப்புக்காக வீட்டில் உங்கள் நேரத்தில் எழுதியவை உங்களுடையவை என்று வலுவாக வாதாடலாம். பள்ளி மடிக்கணினியில் தட்டச்சு செய்தது மட்டுமே முடிவைத் தீர்மானித்துவிடாது; அது உங்கள் வேலையின் ஒரு பகுதியா என்பதுதான் கேள்வி. ஆனால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். இனிமேல் சொந்தக் கணினியில் எழுதுங்கள். இருக்கும் பக்கங்களை இரண்டாகப் பிரித்து, எது எப்போது, எதற்காக எழுதியது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். பள்ளிக்காக எழுதியவற்றை வெளியிடத் தலைமையாசிரியர் வழியாகக் கல்வி இலாகாவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

அடுத்தது விக்கிப்பீடியா. அதன் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்சுட்டல்–அதேபகிர்வு 4.0 உரிமத்தில் இருக்கிறது. எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பெயர் சொல்ல வேண்டும். அதை மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். விற்கக் கூடாது என்று நீங்கள் புதிதாக ஒரு தடையைச் சேர்க்க முடியாது. இரண்டு வழிகள் இருக்கின்றன. அந்தப் பத்திகளை நீக்கிவிட்டு, உங்கள் வகுப்பில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி நீங்களே எழுதலாம். அதற்குப் பின் நீங்கள் விரும்பும் நிபந்தனையைப் போட்டுக்கொள்ளலாம். அல்லது மொத்தத்தையும் அதேபகிர்வு உரிமத்தில் விடலாம். விட்டால் அந்த டியூஷன் நிலையம் அச்சிட்டு விற்கலாம்; ஆனால் உங்கள் பெயரைப் போட வேண்டும், மற்றவர்கள் அந்தப் புத்தகத்தை நகலெடுப்பதைத் தடுக்க முடியாது.

என்னைக் கேட்டால் இரண்டாவது வழியைச் சொல்வேன். விற்பனைத் தடை போட்டால், உங்களைப் போலவே 20 ரிங்கிட் வாங்கி நடத்தும் இன்னொரு வகுப்பு நகலெடுக்கத் தயங்கும். பினாங்கிலேயே 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எங்கோ ஓர் ஆசிரியர் உங்கள் பாடத்தை எடுத்துத் தன் மாணவர்களுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் முடிவு உங்களுடையது. இந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

எழுத்துருவையும் பாருங்கள். குறிப்புகளில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவைப் பயன்படுத்தினால் கோப்போடு அதையும் சேர்த்துக் கொடுக்கலாம். விலைக்கு வாங்கிய எழுத்துருவில் அச்சிடலாம், ஆனால் எழுத்துருக் கோப்பைப் பிள்ளைகளுக்குப் பகிரக் கூடாது. உங்கள் உரிமைக்குச் சான்று வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில், அதாவது மைஐபிஓ-வில், படைப்பை விருப்பப் பதிவு செய்யலாம். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. பின்னால் தகராறு வந்தால் பதிவு கைகொடுக்கும்.

டியூஷன் நிலையம் பணம் தருவதாகச் சொன்னால் இன்னொரு படி இருக்கிறது. பொது அதிகாரிகள் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள் 1993-இன் 5-வது விதிப்படி, வெளி வேலைக்குத் துறைத் தலைவரின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும். சனிக்கிழமை வகுப்புக்கே அப்படி அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. கட்டணம் உங்கள் கைக்கு வராவிட்டாலும், வாங்கியிருக்கவில்லை என்றால் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். வகுப்பு எங்கே, எந்த நேரத்தில், கட்டணம் எவ்வளவு, அது யார் கையில் போகிறது என்பதை அதில் எழுதுங்கள். பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அந்த நிலையத்துக்கு எந்தத் தாளிலும் கையெழுத்து போட்டுத் தர வேண்டாம்.